மூன்றாவது முறையும் அறுந்த மீட்டர் கேபிள்: 1999 ஜிப்ஸி ஒன்றின் கதை

வண்டி என் மச்சானுடையது. 1999 மாடல் மாருதி ஜிப்ஸி கிங். குடகில் ஒரு காப்பித் தோட்டத்தில் இருபது வருடத்துக்கு மேல் உழைத்துவிட்டு, 2022-இல் பெங்களூரு ராமமூர்த்தி நகருக்கு வந்து சேர்ந்தது. வாங்கும்போதே ஸ்பீடோமீட்டர் ஓடவில்லை. "கேபிள் அறுந்திருக்கு, சின்ன வேலைதான்" என்று விற்றவர் சொல்லியிருக்கிறார். சின்ன வேலை என்பதால் யாரும் அவசரப்படவில்லை. மறு வருடம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் புதுக் கேபிள் போட்டார்கள். நாலு மாதத்தில் அது அறுந்தது. மறுபடி ஒன்று போட்டார்கள். அது ஏழு வாரம்கூடத் தாங்கவில்லை.

2024-இல் ஆர்சி புதுப்பிக்க வேண்டியிருந்தது. சொந்த வண்டிக்கு முதல் 15 வருடம், அதன் பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை. 2014, 2019 முடிந்து மூன்றாவது முறை. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் 117ஆம் விதி ஸ்பீடோமீட்டரைப் பற்றியது. ஓடாத மீட்டரோடு வண்டியைக் கொண்டுபோய் அதிகாரி முன்னால் நிறுத்த மச்சானுக்கு மனமில்லை. எனக்குப் பீன்யாவில் ஒரு சின்ன லேத் பட்டறை இருக்கிறது. "மாப்ளே, நீயே ஒரு தடவை பாரு. கேபிள் மாத்திக் கொடுக்கறவங்க நிறைய பேர் இருக்காங்க, ஏன் அறுகுதுன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறாங்க" என்று ஒரு சனிக்கிழமை வண்டியைக் கொண்டுவந்து விட்டார்.

அவர் கேட்டதுதான் சரியான கேள்வி. மீட்டர் கேபிள் என்பது வண்டியின் அடியிலிருந்து மீட்டர் வரை ஓர் உறைக்குள் சுழலும் கம்பி. ஆரோக்கியமான வண்டியில் அது பல வருடம் ஓடும். ஏழு வாரத்தில் அறுந்தால் அந்தக் கேபிளை எதுவோ அறுக்கிறது என்று அர்த்தம்.

கழற்றுவதற்கு முன் கேட்டவை

கையில் ஸ்பேனர் எடுக்கும் முன் அரை மணி நேரம் மச்சானைப் பேசவிட்டேன். மீட்டர் ஓடிய நாட்களில் அது எப்படி நடந்துகொண்டது என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

20-க்கும் 40-க்கும் நடுவில் முள் நடுங்கும், 60-ஐத் தாண்டினால் அடங்கும் என்றார். இது கேபிள் சிக்கிச் சிக்கிச் சுழல்வதன் வழக்கமான அடையாளம். டாஷ்போர்டுக்குப் பின்னால் டிக் டிக் என்று ஒரு சத்தம் வரும் என்றார். அதுவும் அதே கதைதான். வண்டி நின்ற பிறகும் முள் உடனே பூஜ்யத்துக்கு வராது, 10-இல் கொஞ்ச நேரம் படுத்திருந்துவிட்டு மெதுவாக இறங்கும் என்றார். இங்கே காதைத் தீட்டினேன். நின்ற வண்டியில் கேபிள் சுழலாது. அப்புறம் முள்ளைப் பிடித்து வைத்திருப்பது எது?

நாலாவதாக அவர் போகிற போக்கில் சொன்ன விஷயத்தில்தான் வழக்கே திறந்தது. டிசம்பர் மாதம் காலை ஆறு மணிக்கு வண்டி எடுத்தால், 40-இல் போகும்போது முள் 65 காட்டும். அரை மணி நேரம் ஓடிய பிறகு மெல்ல இறங்கிச் சரியாகிவிடும். "சூடானா சரியாயிடும்னு விட்டுட்டேன்" என்றார். சரியாகிவிடும் என்பதை எப்படித் தெரிந்துகொண்டார் என்று கேட்டேன். போனில் ஜிபிஎஸ் போட்டுப் பார்த்தாராம். வண்டி சூடான பிறகு மீட்டரில் 60, போனிலும் 60. இந்தச் சாட்சியத்தைக் குறித்துவைத்துக்கொண்டேன். பின்னால் இதுவே எங்களை ஒரு நாள் முழுக்க அலைக்கழித்தது.

குளிரில் கூடுதலாகக் காட்டி, சூட்டில் குறையும் மீட்டர். கேபிளில் எந்தக் கோளாறு இருந்தாலும் இப்படி வராது. கேபிள் கெட்டால் முள் ஆடும், சாகும், சத்தம் போடும். சீராக 25 கிலோமீட்டர் கூட்டிக் காட்டாது. ஏன் என்பது புரிய மீட்டருக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

முள்ளும் கேபிளும் தொட்டுக்கொள்வதில்லை

1902-இல் பெர்லினில் ஓட்டோ ஷூல்ட்சே காப்புரிமை வாங்கிய அமைப்புதான் இந்த ஜிப்ஸி வரைக்கும் வந்திருக்கிறது. கேபிளின் மேல்முனை ஒரு காந்தத்தைச் சுழற்றும். காந்தத்தைச் சுற்றி, அதைத் தொடாமல், ஒரு மெல்லிய அலுமினியக் கிண்ணம். காந்தம் சுழலும்போது கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, கிண்ணத்தையும் அதே திசையில் இழுக்கும். கிண்ணத்தின் தண்டில்தான் முள் இருக்கிறது. அந்தத் தண்டை மயிரிழை போன்ற ஹேர் ஸ்பிரிங் ஒன்று பின்னால் இழுத்துப் பிடித்திருக்கும். வேகம் கூடக் கூட இழுப்பு கூடும், முள் ஏறும். கிலோமீட்டர் எண்கள் மட்டும் தனி. அவை பல்சக்கரம் வழியாக நேரடியாகக் கேபிளால் சுற்றப்படுபவை. காந்தத்துக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் இல்லை.

காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே இருக்க வேண்டியது காற்று மட்டுமே. அங்கே எண்ணெய் நுழைந்தால்? காந்தம் சுழலும்போது எண்ணெயும் கிண்ணத்தைத் தன் பங்குக்கு இழுக்கும். பெங்களூரு டிசம்பரில் குளியலறை அலமாரியில் தேங்காய் எண்ணெய் உறைந்து நிற்பதைப் பார்க்கிறோம் அல்லவா? கியர் ஆயில் அப்படி உறையாது, ஆனால் குளிரில் கெட்டிப்படும். கெட்டியான எண்ணெய் பலமாக இழுக்கும், முள் கூடுதலாகக் காட்டும். சூடாகி இளகினால் இழுப்பு குறையும். வண்டி நின்ற பிறகு முள் 10-இல் தயங்கியதும் அதே பிசுக்கால்தான்.

எனவே மீட்டரைத் தொடாமலே ஒரு சந்தேகம் உருவாகிவிட்டது. மீட்டர் தலைக்குள், அதாவது காந்தமும் கிண்ணமும் இருக்கும் பகுதிக்குள், எண்ணெய் போயிருக்கிறது. எங்கிருந்து, எப்படி என்பதைத்தான் நிரூபிக்க வேண்டும்.

அறுந்த இடம் சொன்னது

ஜிப்ஸியில் கேபிளின் கீழ்முனை கியர்பாக்ஸில் இல்லை, அதற்குப் பின்னால் தனியாகத் தொங்கும் டிரான்ஸ்பர் கேஸில் (எஞ்சின் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) இருக்கிறது. சக்கரத்துக்குப் போகும் தண்டிலிருந்து மீட்டர் கியர் ஓடுவதால், நாலு சக்கரமும் மெதுவாக இழுக்கும் ஃபோர் வீல் லோவில் ஊர்ந்தாலும் மீட்டர் உண்மையான வேகத்தையே காட்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரு விலை உண்டு. கியர் ஆயில் நிறைந்த ஒரு பெட்டிக்குள் கேபிளின் ஒரு முனை, டாஷ்போர்டில் மறுமுனை. நடுவே காவலுக்கு இருப்பது ஒரு ஆயில் சீலும் ஒரு ஓ ரிங்கும்தான், இரண்டும் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையங்கள்.

கேபிளை இரண்டு பக்கமும் கழற்றி உள்கம்பியை உருவினேன். மேல்முனையிலிருந்து நாலு விரற்கடை தள்ளி அறுந்திருந்தது. இது முக்கியம். கேபிள் எங்காவது அதிகமாக மடங்கி, அங்கே தேய்ந்து அறுந்திருந்தால், அந்த மடிப்பில் கம்பி ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று இழைத்ததுபோல இருக்கும். இங்கே இழைகள் பிரிந்து கூண்டுபோல உப்பியிருந்தன. முறுக்கு தாங்காமல் அறுந்த கம்பியின் முகம் அது. கீழே இருந்து கியர் சுழற்றிக்கொண்டே இருக்க, மேலே ஏதோ ஒன்று சுழல மறுத்திருக்கிறது. நடுவில் மாட்டிய கம்பி முறுக்கேறி முறுக்கேறி உயிரை விட்டிருக்கிறது.

உறையைத் தலைகீழாகத் தொங்கவிட்டேன். பத்து நிமிடத்தில் செய்தித்தாளில் ஐந்தாறு சொட்டு விழுந்தது. முகர்ந்து பார்த்தால் கந்தக வாடை. கேபிளுக்குப் போடும் கிரீஸில் அந்த வாடை வராது. கியர் ஆயிலில் பற்கள் அரையாமல் இருக்கச் சேர்க்கும் கந்தகக் கலவையின் வாடை அது, ஒருமுறை மூக்கில் ஏறினால் மறக்காது. டிரான்ஸ்பர் கேஸின் எண்ணெய் ஒன்றரை மீட்டருக்கு மேல் ஏறி டாஷ்போர்டு வரை வந்திருக்கிறது. நம்பக் கஷ்டமாக இருக்கலாம். முறுக்கிய கம்பி உறைக்குள் சுழலும்போது திருகுபோல வேலை செய்து எண்ணெயை மேலே தள்ளிக்கொண்டே போகும். இருபது வருடம் ஓடினால் வேண்டியது ஏறிவிடும்.

மீட்டர் தலையின் பின்னால் இருக்கும் சதுரத் துளையில் ஒரு சின்னக் கம்பியைச் செருகி விரலால் சுற்றிப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு சுற்ற வேண்டியது, மாவுக்குள் கரண்டி சுற்றுவதுபோல இழுத்தது.

டிரான்ஸ்பர் கேஸ் பக்கத்தில் மீட்டர் கியரை வெளியே எடுத்தபோது மிச்சக் கதையும் தெரிந்தது. பிளாஸ்டிக் பற்கள் ஒரு பக்கமாகப் பாதி தேய்ந்திருந்தன. ஓ ரிங் கல்லாக இறுகி, நகத்தால் தட்டினால் சத்தம் வந்தது. சீலின் உதடு விறைத்துத் தண்டை விட்டு விலகியிருந்தது. வயதான வண்டியில் ரப்பர் இறுகுவது இயல்பு. ஆனால் எண்ணெய் இவ்வளவு தாராளமாக ஏற, அது மட்டும் போதுமா என்று ஒரு சந்தேகம். டிரான்ஸ்பர் கேஸின் மேலே காற்றுப் போக்குக்கு ஒரு ப்ரீதர் இருக்கும். அதைத் துடைத்துப் பார்த்தால் குடகின் செம்மண், சுட்ட செங்கல்போல அடைத்து நின்றது. ஓட்டத்தில் எண்ணெய் சூடாகி உள்ளே காற்று விரியும். வெளியேற வழியில்லை என்றால் இருப்பதில் பலவீனமான வாசல் வழியாக எண்ணெயையும் தள்ளிக்கொண்டு வெளியேறும். இந்த வண்டியில் பலவீனமான வாசல் மீட்டர் சீல்.

ஆக, ப்ரீதர் அடைத்ததால் சீல் வழி எண்ணெய், எண்ணெய் கேபிளில் ஏறித் தலையில் பிசுக்கு, பிசுக்கால் தலை இறுகியது, தலை இறுகியதால் கேபிள் அறுந்தது. இரண்டு முறை மாற்றப்பட்டது இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி. ஒர்க்‌ஷாப்காரர்களைக் குறை சொல்வது எளிது. கேபிள் அறுந்து வந்த வண்டிக்குக் கேபிள் போட்டு அனுப்பினார்கள், மீட்டர் ஓடியது. ஆனால் பழைய கேபிளை ஒரு முறை முகர்ந்து பார்த்திருந்தால் இரண்டு கேபிளும் ஒரு வருடமும் மிஞ்சியிருக்கும். பழைய பாகத்தைக் குப்பையில் போடும் முன் பார்க்கும் பழக்கம் பட்டறைகளில் குறைந்துகொண்டே வருவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

பெரியப்பாவின் மேசை

சீல், ஓ ரிங், பிளாஸ்டிக் கியர் மூன்றையும் ஜேசி ரோட்டில் வாங்கினேன். கியரைப் பழையதோடு பக்கத்தில் வைத்துப் பல் எண்ணிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஒரு பல் கூடினாலோ குறைந்தாலோ எல்லாக் கணக்கும் மாறிவிடும். ப்ரீதரை டீசலில் ஊறவைத்துக் காற்றடித்துத் திறந்தேன். இதெல்லாம் ஒரு காலை வேலை.

மீட்டர் தலையைத் திறக்க என் கைகள் போதாது. அல்சூரில் பெரியப்பா இருக்கிறார். எச்எம்டி கைக்கடிகாரத் தொழிற்சாலையில் முப்பது வருடம் இருந்தவர். 1961-இல் ஜப்பானின் சிட்டிசனோடு சேர்ந்து தொடங்கிய தொழிற்சாலை அது. ஹேர் ஸ்பிரிங் என்றால் அவருக்குச் சொந்தப் பிள்ளை மாதிரி. மேசையில் வெள்ளைத் துணி விரித்து, கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு முதலில் கேட்டது: "டேய், முள்ளை யாரும் கழட்டலையே?"

"இல்லை பெரியப்பா, யாரும் தொடலை."

"தொட வேண்டாம். கழட்டுனா திரும்ப அதே இடத்துல உக்காராது. முள்ளோட சேர்த்தே கழுவலாம்."

அவர் செய்ததை அப்படியே எழுதுகிறேன், இதில் அவசரப்பட்டு மீட்டரைக் கெடுத்தவர்கள் நிறையப் பேர். பெட்ரோல் பக்கத்திலேயே வரவில்லை. கிலோமீட்டர் சக்கரங்களின் எண்கள் பெட்ரோலில் கரைந்துபோகும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய தாளை நீள நீளமாக நறுக்கி, கிண்ணத்துக்கும் காந்தத்துக்கும் இடையே விட்டு மெதுவாக இழுத்தார். தேன் நிறத்தில் பிசின் வந்தது. தாள் சுத்தமாக வரும்வரை மறுபடி மறுபடி. இரண்டு சாயங்காலம் பிடித்தது. ஸ்பிரிங்கைத் தொடவே இல்லை. அதில் சிக்கியிருந்த ஒரு துளி எண்ணெயைத் தாளின் முனையால் உறிஞ்சி எடுத்தார். காந்தம் இருப்பதால் இரும்புத்தூள் ஒட்டாமலிருக்க, என் பட்டறைக் கைகளை மேசைக்கு அருகில் விடவில்லை. கடைசியாகக் காந்தத்தின் தண்டுக்கு மட்டும் கடிகார எண்ணெய் ஒரு துளி, ஊசி முனையில்.

அதன்பிறகு விரலால் சுண்டினால் தண்டு சுழன்று தானாக நின்றது. முள் ஏறி, நேராகப் பூஜ்யத்துக்கு இறங்கியது.

637

ஜப்பானிய முறையில் செய்த கேபிள் மீட்டர்களுக்கு ஒரு பொது அளவு உண்டு. ஒரு கிலோமீட்டருக்குக் கேபிள் 637 சுற்று. 60 கிலோமீட்டர் வேகம் என்றால் நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டர், எனவே நிமிடத்துக்கு 637 சுற்று. இதைக் கொண்டு மீட்டரை வண்டியில் மாட்டாமலே சோதிக்கலாம். வேகம் மாற்றக்கூடிய ட்ரில் மெஷினில் ஒரு கேபிள் துண்டைப் பிடித்து, தொடாமல் சுற்று எண்ணும் டாக்கோமீட்டரை வைத்து ஓட்டினேன். (முள் பூஜ்யத்துக்குக் கீழே போக முயன்றால் ட்ரில்லின் திசை தவறு, உடனே மாற்ற வேண்டும்.) 425 சுற்றில் 40 காட்ட வேண்டும், 39 காட்டியது. 637-இல் 58. 849-இல் 80-க்குப் பதில் 77. காந்தம் வயதில் கொஞ்சம் வலு குறைந்திருக்கிறது, மற்றபடி மீட்டர் நேர்மையாக இருக்கிறது.

புதுக் கேபிளின் உள்கம்பிக்கு கிராஃபைட் கிரீஸைக் கீழ்ப்பக்கம் மட்டும் மெல்லப் பூசி, மேலே ஒரு சாண் நீளத்தை உலர்வாக விட்டேன். மேலே பூசினால் அதுவும் தலைக்குள்தான் போகும். கூர்மையான மடிப்பு எங்கும் வராமல் கேபிளை வளைத்து மாட்டினேன்.

மறுநாள் காலை பழைய மெட்ராஸ் ரோட்டில் ஹொஸ்கோட்டே பக்கமாக ஓட்டினோம். முள் நடுங்கவில்லை, சத்தமில்லை. மச்சான் போனைப் பார்த்தார், முகம் மாறியது. மீட்டரில் 60, போனில் 68. "மாப்ளே, ரிப்பேருக்கு முன்னாடி சரியா காட்டிச்சே!"

அவர் சொன்னது பொய்யில்லை. நானும் குழம்பினேன். மேசையில் 60-க்கு 58 காட்டிய மீட்டர், சாலையில் 68-க்கு 60 காட்டுகிறது. மேசைக்கும் சாலைக்கும் நடுவில் இருப்பது என்ன? கேபிள், கியர், டயர்.

வண்டியைத் தெருவில் நிறுத்தி, டயரில் சாக்பீஸ் கோடு போட்டு, உள்கம்பியில் ஒரு துண்டு டேப் ஒட்டித் தள்ளினோம். சக்கரம் 10 சுற்றுக்குக் கேபிள் 13 சுற்று. சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு வண்டி நகர்ந்தது 2 மீட்டர் 23 சென்டிமீட்டர். இந்த வண்டிக்கு உரிய 205/70 ஆர்15 அளவு டயர் என்றால் ஒரு சுற்றுக்குச் சுமார் 2 மீட்டர் 4 சென்டிமீட்டர். அந்த டயரில் கிலோமீட்டருக்கு 490 சக்கரச் சுற்று, 1.3-ஆல் பெருக்கினால் 637. கணக்கு அச்சாகப் பொருந்துகிறது. ஆனால் தோட்டத்துக்காரர் போட்டிருந்தது அதைவிடப் பெரிய 235/75 ஆர்15. அதில் கிலோமீட்டருக்குக் கேபிள் 583 சுற்றுதான் சுற்றும். மீட்டர் 9 சதவீதம் குறைத்துக் காட்டும், காந்தத்தின் பலவீனம் இன்னொரு 3 சதவீதம்.

இப்போதுதான் பழைய சாட்சியத்தின் உண்மை விளங்கியது. சூடான எண்ணெய் முள்ளைக் கூடுதலாக இழுத்தது, பெரிய டயர் குறைத்தது. இரண்டு தவறும் ஒன்றையொன்று மூடி மறைத்துச் சரியான எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தன. ஒன்றை நீக்கியதும் மற்றது வெளியே வந்தது. நான் முதலிலேயே டயரின் பக்கவாட்டைப் படித்திருக்க வேண்டும். பழைய ஃபோர் வீல் வண்டிகளில் டயர் மாறாமல் இருப்பது அபூர்வம்.

முள்ளைக் கழற்றி ஒரு 8 கிலோமீட்டர் தள்ளி வைத்தால் என்ன என்று மச்சான் கேட்டார். 60-இல் சரியாகும், 30-இல் கூடிவிடும், 90-இல் மறுபடி குறையும். பிழை விகிதத்தில் இருக்கும்போது ஒரு நிலையான எண்ணைக் கூட்டினால் தீராது. குறைத்துக் காட்டும் மீட்டர் கூட்டிக் காட்டும் மீட்டரைவிட ஆபத்து. ஐ.நா.வின் 39ஆம் ஒழுங்குவிதி இதில் கறார்: மீட்டர் காட்டும் வேகம் உண்மை வேகத்தைவிடக் குறையவே கூடாது, கூடலாம், அதுவும் உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கோடு 4 கிலோமீட்டர் வரைதான்.

டயரில் இருந்த நாலு எண் 3116. 2016-இன் 31ஆவது வாரத்தில் செய்தது. பக்கவாட்டில் வெடிப்புகள். எப்படியும் மாற்ற வேண்டியவை. நான் 205/70-க்கே திரும்பச் சொன்னேன். மச்சானுக்குத் தரை இடைவெளி வேண்டும், கடைசியில் 215/75 ஆர்15-இல் நின்றோம். ஒரு சுற்றுக்கு 2 மீட்டர் 15, வித்தியாசம் 5 சதவீதம். அதை ஈடுகட்ட ஜேசி ரோடு பக்கம் ஒரு மீட்டர் கடையில் காந்தத்துக்கு வலு ஏற்றி, 637 சுற்றில் 65 காட்டும்படி வைத்து வாங்கினேன். இப்போது உண்மை வேகம் 63 என்றால் முள் 65 காட்டுகிறது. கிலோமீட்டர் எண்கள் பல்சக்கரத்தில் ஓடுவதால் அவற்றைக் காந்தத்தால் திருத்த முடியாது. 100 ஓடினால் 95 காட்டும். மைலேஜ் கணக்குப் போடும்போது 1.05-ஆல் பெருக்கச் சொல்லி டாஷ்போர்டு பெட்டிக்குள் ஒரு சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறேன்.

ஆர்சி புதுப்பித்தாகிவிட்டது. ஆறு மாதம் கழித்து, ஜனவரிக் குளிரில் ஒரு காலை, மச்சானை வரச்சொன்னேன். வண்டி எடுத்ததும் 40-இல் முள் 41-ஐ ஒட்டி நின்றது. கேபிளை மேலே மட்டும் கழற்றி, முனையை வெள்ளைத் தாளில் உருட்டினேன். கறை இல்லை, வாடை இல்லை. ப்ரீதரில் வாய் வைத்து ஊதினேன், காற்று தடையில்லாமல் போனது. அடுத்த சோதனை மழைக்காலம் முடிந்து, குடகுப் பயணம் போய்வந்த பிறகு.